நல்லவேளை, கிருமிதான்!

போன வாரம் மருமகளைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அழவிட்டுவிட்டு, நான் பாட்டுக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டேன். "கொஞ்சமாவது இரக்கம் இருக்கிறதா உங்களுக்கு?" என்று சண்டைக்கு வந்த வாசகிகளுக்கு முதலில் ஒரு தகவல். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு, சோப்பு பட்டுவிட்டது என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

மாமியார் அதை நம்பவில்லை. ஆனால் நம்பியதுபோல் தலையாட்டினார். இந்த வீட்டில் பொய் சொல்வதும், அதை நம்பியதுபோல் நடிப்பதும் மரியாதையில் சேர்த்தி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மருமகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலில் வந்திறங்கும் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி, லாரியின் முதுகில் நோகாமல் வைக்கிற வேலை. அந்த உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரே பெண் அவள்தான் என்பதால் தெருவில் 'கிரேன்காரி' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். கணவன் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். ஊர் விழிப்பதற்கு முன்னால் கிளம்பிப் போய்விடுவான்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். பால் கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர். அவர் கையால் கழுவி வெளியே போன பாட்டிலில் ஒரு தூசி இருந்ததாக ஒருத்தர் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பிரிவை அப்படியே வீட்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். கதவுப்பிடி, சுவிட்சு, குழாய், ரிமோட் எதுவும் தப்பாது. யார் குளிக்கப் போனாலும் வாளித் தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி விழும். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கிருமி அத்தை'. கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மருமகளுக்குச் சில மாதங்களாகச் சிறுநீர் போகும்போது எரிந்துகொண்டிருந்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி போகவேண்டும்போல் இருக்கும். போனால் சொட்டு வரும், எரிச்சல் மட்டும் தாராளமாக வரும். அடிவயிறு வலிக்கும், முதுகும் வலிக்கும். மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கி விழுங்கினாள். அடங்கியது. அடுத்த மாதம் அதே கதை. கடைசியில் டாக்டரிடம் போய், சாம்பிள் கொடுத்து, முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது.

சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் சாம்பிளை வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்ததில் எதுவும் இல்லை. இன்னொரு சாம்பிள், ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

கிருமி இல்லை என்றால் யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். மருமகளுக்குத் தலையில் இடி விழுந்தது. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எரிகிறது என்றார், அடிக்கடி போகவேண்டியிருக்கிறது என்றார். பிறகு டயாலிசிஸ் மெஷினோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்தார். பிறகு இல்லை.

கிருமி இல்லையென்றால் கிட்னிதான். இந்த முடிவை அவள் யாரையும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டாள். அதனால்தான் அந்த அழுகை.

இன்றைக்கு ஸ்கேன்.

"நானும் வர்றேன்" என்றார் மாமியார், செருப்பைத் துடைத்துக்கொண்டே.

"எதுக்கு அத்தை? ஒரு ஸ்கேன்தானே. போயிட்டு வந்துடறேன்."

"ஆஸ்பத்திரி நாற்காலியில துடைக்காம உக்காருவே. எனக்குத் தெரியாதா உன்னைப் பத்தி?"

"சரி, துடைச்சிட்டே உக்காரறேன்."

"எதால துடைப்பே?"

மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இந்தப் பெண்மணியோடு வாதாடி ஜெயிப்பதைவிட, காற்றடிக்கிற நாளில் இரும்புப் பெட்டியை இறக்குவது சுலபம் என்று மருமகள் அனுபவத்தில் கண்டவள். பேசாமல் வீட்டைப் பூட்டினாள்.

பஸ்ஸில் பாதி வழியிலேயே அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடக்குவதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. பக்கத்தில் மாமியார் முன் சீட்டின் கம்பியைத் துடைத்து முடித்துவிட்டு, அதே துணியால் அறிமுகமே இல்லாத ஒருவருடைய கம்பியையும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாமல் காலை மடக்கி வழிவிட்டார்.

பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி உருட்டினார்கள். உருட்டிய பெண்ணின் முகத்தையே மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. பஸ் டிக்கெட் கொடுக்கிறவர் முகம்போல் இருந்தது.

"டாக்டர் சொல்லுவாங்க" என்றாள் அவள், கேட்பதற்கு முன்பே.

அடுத்தது சாம்பிள். கவுண்டரில் இருந்த பெண், உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். மருமகள் கை நீட்டுவதற்குள் மாமியாரின் கை முந்திக்கொண்டது.

"குடு, கழுவிட்டுத் தர்றேன்."

"ஐயோ, கழுவக்கூடாதும்மா!" என்று கவுண்டர் பெண் பாதி எழுந்தேவிட்டாள். "சுத்தம் பண்ணி மூடி வந்த டப்பா அது. அப்படியே எடுக்கணும்."

"யார் மூடினாங்கன்னு நீ பாத்தியா? எத்தனை கை பட்டிருக்கும். போன தடவையும் நான்தான் கழுவிக் குடுத்தேன். அப்போ ஒண்ணும் ஆகலையே?"

கவுண்டர் பெண் மெல்ல உட்கார்ந்தாள். மருமகள் மெல்லத் திரும்பினாள்.

"போன தடவை கழுவினீங்களா, அத்தை?"

"ஆமா. நீ முன்னாடி நாளே வாங்கிட்டு வந்து அலமாரியில வெச்சே இல்ல? நீ தூங்கினதும் எடுத்து நல்லாக் கழுவினேன். நம்ம வீட்டு டப்பா அழுக்கா இருக்குன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது பாரு."

"எதால கழுவினீங்கம்மா?" கவுண்டர் பெண்ணின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

மாமியார் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, பெருமையோடு மேசைமேல் வைத்தார். வெளியே போகும்போதுகூட அது இல்லாமல் அவர் கிளம்புவதில்லை.

"சுடுதண்ணி ஊத்தி, பிரஷ் போட்டு, கடைசியில இதை விட்டு அலசி, கவுத்து வெச்சேன். துடைக்கலை. துடைச்சா துணியில இருக்கறது ஒட்டிக்கும். பாட்டில் கழுவறதுன்னா சும்மாவா?"

கவுண்டர் பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வந்துவிட்டது.

"அம்மா, அதுல இருக்கற மருந்து டப்பாவுல ஒட்டியிருக்கும். சாம்பிள்ல கிருமி இருந்தாலும் இது விட்டு வெச்சிருக்காது. அப்புறம் நாங்க எங்க வளர்க்கறது? அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு போல. இருங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது. தான் கழுவியது குற்றம் என்று யாரோ சொல்கிறார்கள் என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது. புட்டியை எடுத்துப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

மருமகளுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அந்தக் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நெரிக்கவும் தோன்றியது. இரண்டு நாளாக அவள் செத்துப் பிழைத்தது இந்த ஒரு அலசலாலா?

கவுண்டர் பெண் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தாள். "முதல்ல வெறும் தண்ணியில கழுவிக்கோங்க. முன்னாலேர்ந்து பின்னால, திருப்பிக் கொண்டுவரக் கூடாது. முதல்ல வர்றதை விட்டுடுங்க, நடுவுல வர்றதைப் பிடிங்க. டப்பாவோட உள்பக்கம் விரல் படக்கூடாது."

"நான் கூட வரட்டா?" என்றார் மாமியார்.

"வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ரிசல்ட் வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். இருவரும் சுவரோரமாகத் துடைத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாமியார் உம்மென்று இருந்தார். மருமகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அத்தை, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"இல்லைன்னு சொல்றேன். கிருமி இல்லைன்னதும் எனக்கு வேற பயம் வந்துடுச்சு. அதான் அன்னைக்கு..."

"சோப்பு பட்டுச்சுன்னியே, அன்னைக்கா?"

"ஆமா. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எரியுது எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நாங்க யாரும் பெருசா எடுத்துக்கலை. அவங்களும் டாக்டர்கிட்ட போகக் கூச்சப்பட்டுட்டு உக்காந்திருந்தாங்க. போனப்போ கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னுட்டாங்க."

மாமியார் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த உம் போய்விட்டது. வேறு என்னவோ வந்திருந்தது.

"எரிச்சல்தான் முதல்ல வந்துச்சா?"

"ஆமா அத்தை."

"வேற ஒண்ணும் இல்லையா? வெறும் எரிச்சல்தானா?"

"ஆமாங்கறேன்ல."

மாமியார் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எதையும் துடைக்காமல் அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. பிடி வலித்தது. ஆனாலும் மருமகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மா போனபிறகு யாரும் அவள் கையை இப்படி வலிக்கப் பிடித்ததில்லை.

டாக்டர் கூப்பிட்டபோது மாமியாரும் எழுந்து கூடவே உள்ளே போனார். வெளியே இருக்கச் சொன்னால் கேட்கிற முகமாக அது இல்லை. டாக்டரும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

காகிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"கிருமி இருக்கு" என்றார் டாக்டர்.

"இருக்கா?"

"மைக்ரோஸ்கோப்ல பாத்தாலே தெரியுது, அவ்வளவு இருக்கு. எந்தக் கிருமின்னு வளர்த்துப் பாத்துச் சொல்லிடலாம். அதுவரைக்கும் மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

"அப்ப கிட்னி?"

"கிட்னிக்கு என்ன? ரத்தம் நல்லா இருக்கு. ஸ்கேன் சுத்தமா இருக்கு. கல்லுகூட இல்லை."

"முதுகு வலிக்குதே, டாக்டர்?"

"எழுந்து திரும்புங்க." டாக்டர் விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் முஷ்டியால் தட்டினார். "இங்க வலிக்குதா? இங்க?"

"இல்லை. இன்னும் கீழ. இடுப்புக்கு மேல."

"நாள் பூரா எப்படி உக்காருவீங்க?"

"கேபினுக்கு அடியில கண்ணாடி. முட்டி ரெண்டுக்கும் நடுவுல குனிஞ்சு கீழ பாத்துக்கிட்டே ஓட்டணும்."

"அப்போ முதுகு வலிக்காம என்ன செய்யும்? அது உங்க சீட்டு குடுத்தது. கிட்னி மேல பழி போடாதீங்க."

மருமகள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் தளும்பி வழிந்தது. கிருமி இருக்கிறது என்பதற்காக இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த அறை பார்த்திருக்காது. நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பெட்டியை யாரோ இறக்கி வைத்ததுபோல் அவளுக்கு மூச்சு இலேசாக வந்தது.

ஆனால் அவளைவிட அதிகமாக அழுதவர் மாமியார்தான். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். டாக்டரே எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"என்னம்மா, மருமகளுக்கு ஒண்ணும் இல்லைங்கறேன். நீங்க இப்படி அழறீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னுதான் அழறேன்" என்றார் மாமியார். "அம்மா, அப்போ எரிஞ்சா கிட்னின்னு அர்த்தம் இல்லையா?"

"இல்லவே இல்லை. பெரும்பாலும் இந்த மாதிரி தொற்றுதான். ஆனா கவனிக்காம விட்டா மேல ஏறி கிட்னியைத் தொட்டுடலாம். குளிர் ஜுரம், விலாவுல வலி, வாந்தின்னு வந்தா ஓடி வந்துடணும்." டாக்டர் மருமகளிடம் திரும்பினார். "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?"

"ரொம்ப வருஷமா."

"அவங்க கதை வேற. அதை உங்க கதைன்னு எடுத்துக்காதீங்க. இப்போ உங்க கதையைச் சொல்லுங்க. வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"குடிச்சா இறங்கணும். இறங்கணும்னா வாக்கி-டாக்கியில சொல்லி மாத்து ஆளைக் கூப்பிடணும். அதுல பேசறது எல்லாருக்கும் கேக்கும். கப்பல்ல இருக்கறவங்க, லாரிக்காரங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாருக்கும். எதுக்கு இறங்கறேன்னு கேப்பாங்க. ஒரு தடவை கண்ணாடி துடைக்கணும்னு சொல்லிட்டு இறங்கினேன். இன்னொரு தடவை கண்ணாடின்னதும் யாரோ சிரிச்சாங்க. அதுக்கப்புறம் இறங்கறதை விட்டுட்டேன்."

"மத்த ஆளுங்க என்ன பண்றாங்க?"

"ஆம்பளைங்க பாட்டில் வெச்சிருப்பாங்க."

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாட்டிலா? எந்தப் பாட்டில்?"

"அத்தை, அதை விடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதோ பாருங்க. இந்தக் கிருமி ஒண்ணும் வெளியூர்லேர்ந்து வரலை. நம்ம குடல்லயே இருக்கறதுதான். மலத்தோட வர்றது, முன்பக்கம் போயிடுச்சுன்னா ஏறிடும். பொம்பளைங்களுக்குப் பாதை ரொம்பச் சின்னது, அதனால சுலபமா ஏறும். தண்ணி குடிச்சு அப்பப்போ போயிட்டு வந்தா, ஏறினதும் அடிச்சுக்கிட்டு வெளியில போயிடும். நீங்க தண்ணியும் குடிக்காம, கதவையும் பூட்டி வெச்சா, அது உள்ளேயே குடித்தனம் நடத்தாதா?"

"நடத்தும்" என்றார் மாமியார், கேட்காமலே.

"அதனால வேலை நேரமா இருந்தாலும் தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கக்கூடாது. கழுவினாலும் துடைச்சாலும் முன்னாலேர்ந்து பின்னாலதான். பருத்தி உள்ளாடை, இறுக்கமில்லாம. மாதவிலக்கு சமயத்துல பேட் நேரத்துக்கு மாத்தணும். வீட்டுக்காரரோட இருந்துட்டு அப்படியே தூங்கக்கூடாது, எழுந்து ஒரு தடவை போயிட்டு வந்துடணும்."

மாமியார் திடீரென்று மேலே சுழல்கிற மின்விசிறியை அக்கறையாக ஆராய்ந்தார். அது எவ்வளவு அழுக்கு என்று பின்னால் வீட்டில் வந்து சொன்னார் என்றால் பாருங்கள்.

"குளிக்கற தண்ணியில ஏதாவது கலக்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டர். கவுண்டர் பெண் சொல்லியிருக்க வேண்டும்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"ஒரு மூடி" என்றார் மாமியார். "ஒரே ஒரு மூடி."

"அது வேண்டாம்மா. வாசனை சோப்பும் அந்த இடத்துக்கு வேண்டாம். வெறும் தண்ணி போதும், அதுவும் வெளியில மட்டும். அங்க நல்ல கிருமிங்களும் இருக்கு. காவல் காக்கறதே அதுங்கதான். மருந்து ஊத்தினா முதல்ல சாகறது காவல்காரன். அப்புறம் திருடன் வர்றதுக்கு என்ன தடை?"

"நல்ல கிருமியா?" மாமியாரின் வாழ்க்கையிலேயே அந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்ததில்லை. "கிருமியில நல்லது வேற இருக்கா?"

"இருக்கும்மா. உங்க சுத்தத்துல தப்பே இல்லை. கை கழுவறது, துணி வெயில்ல காயப்போடறது எல்லாம் ரொம்பச் சரி. உடம்புக்கு உள்ள போற பாதையில மட்டும் பாட்டில் கழுவற முறையைக் காட்டாதீங்க. அவ்வளவுதான்."

மாமியார் உடனே தலையை ஆட்டினார். அவர் யாரிடமாவது இவ்வளவு சீக்கிரம் தோற்றதாக வரலாறு இல்லை. மருமகளுக்கே சந்தேகமாக இருந்தது.

வெளியே வந்ததும் மருமகள் முதலில் பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னாச்சும்மா? சொல்லு, சீக்கிரம் சொல்லு." பின்னால் தட்டுகள் உருளுகிற சத்தம் கேட்டது.

"கிருமிதாங்க!"

"கிருமியா? நல்லதா, கெட்டதா?"

"கெட்ட கிருமி, நல்ல சேதி. வீட்டுக்கு வாங்க சொல்றேன்."

அவன் அந்தப் பக்கம் "அப்பாடா" என்றது மாமியாருக்கே கேட்டது.

அடுத்த போன் சூப்பர்வைசருக்கு. எல்லாவற்றையும் விசிலடித்தே சொல்கிற ஆள், துறைமுகத்தில் பெயரே விசில்தான்.

"என்னம்மா திடீர்னு லீவு? கப்பல் வருதே."

கண்ணாடி துடைக்கிற கதை அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"யூரின் இன்ஃபெக்ஷன், சார். மேலயே உக்காந்து அடக்கி அடக்கி வந்தது. உடம்பு சரியானதும் வர்றேன். வந்தா நடுவுல இறங்குவேன். தண்ணி குடிப்பேன், பாத்ரூம் போவேன். மாத்து ஆள் வேணும், சார்."

"கப்பல் நிக்குமேம்மா."

"கொஞ்ச நேரம் நிக்கட்டும், சார்."

"நீ வா. வந்ததும் பேசலாம்" என்று வைத்துவிட்டான். அது சரி என்று அர்த்தமா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அர்த்தமா, அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. காதெல்லாம் சூடாக, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருமகள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள். உடம்பில் எரிச்சல் இன்னும் இருந்தது. மனசில் இல்லை. உடம்பு எரிச்சலுக்குத்தான் மாத்திரை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியார் வந்து எதிரில் நின்றார். கையில் துணி இல்லை. அதுவே அதிசயம்.

"அந்த டாக்டர்... வயசானவங்களையும் பாப்பாங்களா?"

"பாப்பாங்களே. யாருக்கு அத்தை?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"எந்தத் தெரிஞ்சவங்களுக்கு?"

மாமியார் குழாயைத் திருகினார். சொட்டாத குழாய் அது. மறுபடி திருகினார். மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் வெறும் எரிச்சல்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டது, கை வலிக்கப் பிடித்தது, டாக்டர் அறையில் தோள் குலுங்கியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அத்தை! உங்களுக்கா?"

மாமியார் குழாயை மூன்றாவது தடவையாகத் திருகினார்.

"எத்தனை நாளா?"

"நாளா? உன் மாமனார் தவறினாரே, அந்த வருஷத்துலேர்ந்து. வரும், போகும், மறுபடி வரும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? பெத்த பையன்கிட்டயா? தெருவே என்னைக் கிருமி அத்தைங்குது. எனக்கே அங்க எரியுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? எரியறப்பல்லாம், சுத்தம் போதலை போலிருக்குன்னு இன்னொரு மூடி ஊத்துவேன். இன்னும் எரியும். இன்னொரு மூடி." அவர் குரல் இறங்கியது. "எனக்கு எரியுதேன்னுதான் உனக்கும் ஊத்தினேன். உனக்காவது வராம இருக்கட்டும்னு."

குழாயின் மேலிருந்த அவர் கையை மருமகள் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நீ உங்க அம்மா கதையைச் சொன்னப்போ எனக்கு உயிரே இல்லை. இவளுக்குக் கிட்னின்னா எனக்கும் அதுதான்னு முடிவே பண்ணிட்டேன். டாக்டர் வாயைத் திறக்கறப்போ, உன் ரிப்போர்ட்டைப் படிக்கப்போறாங்கன்னு நீ உக்காந்திருந்தே. நான் என் ரிப்போர்ட்டைக் கேக்க உக்காந்திருந்தேன்."

மருமகள் அவரைத் திட்ட வாயெடுத்தாள். இத்தனை வருஷமா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம, என்று எல்லாம் வந்தது. எதையும் சொல்லாமல் மாமியாரை இழுத்து அணைத்துக்கொண்டாள். கட்டிப்பிடித்தால் கிருமி பரவும் என்கிற அந்தப் பெண்மணி, கொஞ்ச நேரம் விறைத்து நின்றுவிட்டு, பிறகு அவள் தோளில் தலையைச் சாய்த்தார்.

"நாளைக்குக் காலையில போறோம்."

"நீ கூட வருவியா?"

"உள்ள வரைக்கும் வருவேன். டப்பாவைக் கழுவ விடாம பாத்துக்கணுமே."

மாமியாருக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணைப்போல் கேட்டார்.

"டாக்டர்கிட்ட நீயே சொல்லிடறியா? எனக்கு அதெல்லாம் சொல்ல வராதும்மா."

"வரும். நீங்கதான் சொல்லணும். எங்க, இப்போ சொல்லிப் பாருங்க. நான்தான் டாக்டர்."

மருமகள் மேடையிலிருந்து நகர்ந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன?"

மாமியார் வாசல் பக்கம் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"ஒண்ணுக்குப் போறப்போ எரியுது, டாக்டர்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "ரொம்ப வருஷமா எரியுது."